நீலாயிலிருந்து பார்த்த ஜப்பான்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி அமைந்துள்ள நீலாய், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்ட சிற்றூராக இருந்தது. நீலாய், பாஜாம், லாபு, பத்தாங் பெனார் ஆகிய வட்டாரங்களில் இருந்த தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. விடிவதற்கு முன்பே பிரட்டு மணி ஒலிக்கும். வாளியும் உளியும் ஏந்திய ஆண்களும் பெண்களும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டப் போவார்கள். குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் வளர்வார்கள். இன்றோ அந்த நிலங்களில் பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன.

இந்த வட்டாரத்தில் நின்று மேலே பார்த்தால் தாழ்வாகப் பறக்கும் விமானங்களைக் காணலாம். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சாலை வழியாக அரை மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். தோட்டங்களும் விளைநிலங்களுமாக இருந்த சிப்பாங் பகுதியில் கட்டப்பட்ட அந்த விமான நிலையத்தை, 1998ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் அப்போதைய மாமன்னர் துவாங்கு ஜாஃபார் திறந்து வைத்தார். அவர் நெகிரி செம்பிலான் மாநில ஆட்சியாளராக இருந்தவர் என்பது இவ்வட்டார மக்களுக்குப் பெருமை. அக்கட்டடத்தை வடிவமைத்தவர் கிஷோ குரோக்காவா என்னும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர்.

'காட்டுக்குள் விமான நிலையம். விமான நிலையத்துக்குள் காடு' என்பதே குரோக்காவாவின் கருத்து. உயர்ந்த தூண்கள் மரங்களைப்போல் மேலெழுந்து விரிய, மரம் பதித்த கூரை இலைக்கூட்டம்போல் பரந்திருக்கும். துணைக் கட்டடத்தின் நடுவே உண்மையான மழைக்காட்டு மரங்களே நடப்பட்டன. மனிதனும் இயற்கையும், பழமையும் புதுமையும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடி வாழ வேண்டும் என்பதை அவர் தம் வாழ்நாள் கொள்கையாகக் கொண்டிருந்தார். அந்தக் கொள்கை எத்தகைய நாட்டில், எத்தகைய வாழ்க்கை முறையில் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது நீலாய் வட்டார மாணவர்களுக்கு மட்டுமன்றி, எல்லா மாணவர்களுக்கும் பயன் தரும்.

நடுங்கும் நிலம், நடுங்காத மக்கள்

ஹொக்கைடோ, ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு ஆகிய நான்கு பெரிய தீவுகளையும் ஆயிரக்கணக்கான சிறு தீவுகளையும் கொண்ட நாடு ஜப்பான். அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதி மலை. மூன்றில் இரண்டு பங்கு காடு. 12 கோடிக்கும் மேற்பட்ட மக்கள், எஞ்சியிருக்கும் குறுகிய சமவெளிகளில் நெருக்கமாக வாழ்கிறார்கள். அந்நாட்டில் உயிர்ப்புள்ள எரிமலைகள் 111 உள்ளன. 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலையும் ஓர் எரிமலைதான். அது கடைசியாக 1707ஆம் ஆண்டு வெடித்தது.

புவித்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஜப்பான் அமைந்திருப்பதால் அங்கு நிலநடுக்கம் அடிக்கடி நிகழ்கிறது. அதைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால், அதை எதிர்கொள்ளப் பழகலாம். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தின் நினைவாக, அதே நாள் இன்று பேரிடர்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பயிற்சிகள் நடைபெறும். மேசைக்கு அடியில் ஒளிவதும், வரிசையாக வெளியேறுவதும், மேட்டு நிலத்தை நோக்கி விரைவதும் சிறு வயது முதலே பழக்கமாகின்றன.

ஹிரொகாவா என்னும் கடற்கரை ஊரில் 1854ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சி ஜப்பானியப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நிலநடுக்கத்தைத் தொடர்ந்து கடல் பொங்கியது. இருட்டில் திசை தெரியாமல் மக்கள் தடுமாறினர். ஹமாகுச்சி கொர்யோ என்பவர் வயலில் இருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தை வழிகாட்டியாகக் கொண்டு ஊரார் மேட்டில் ஏறி உயிர் பிழைத்தனர். அவருடைய தொண்டு அத்துடன் நின்றுவிடவில்லை. வாழ்வாதாரத்தை இழந்த மக்களுக்குக் கூலி கொடுத்து, ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ள கடற்கரை அணையை நான்கு ஆண்டுகளில் கட்டி முடித்தார். பல ஆண்டுகள் கழித்து, 1946இல் மீண்டும் ஆழிப்பேரலை வந்தபோது அந்த அணை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. அந்நிகழ்ச்சியின் நினைவாகவே ஐக்கிய நாட்டு நிறுவனம் நவம்பர் 5ஆம் நாளை உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் 9.0 அளவில் பதிவான நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் 18,000க்கும் மேற்பட்டோரைப் பறித்துக்கொண்டன. அத்தகைய கொடிய நாளிலும் கமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் ஏறத்தாழ 570 மாணவர்கள் உயிர் தப்பினர். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஆணைக்காகக் காத்திராமல் ஓடத் தொடங்கினர். வழியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கைகளைப் பற்றிக்கொண்டனர். முன்பே குறிக்கப்பட்டிருந்த இடத்தை அடைந்தும் அங்கு நிற்கவில்லை. அந்த இடமும் பாதுகாப்பில்லை என்று உணர்ந்து, மேலும் மேலும் உயரத்திற்குச் சென்றனர். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களைச் சிறிது நேரத்தில் கடல்நீர் சூழ்ந்தது. அவர்களைக் காப்பாற்றியது இடைவிடாத பயிற்சி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பினாங்கு, கெடா கரைகளிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் ஆழிப்பேரலை செய்த அழிவை எண்ணிப் பார்த்தால் இத்தகைய பயிற்சியின் அருமை விளங்கும்.

மலர் பார்ப்பதும் இலை பார்ப்பதும்

ஜப்பானியரின் நாட்காட்டி இயற்கையோடு பின்னிப் பிணைந்தது. மார்ச்சு மாத இறுதியில் நாட்டின் தென்மேற்கில் செர்ரி மரங்கள் மலரத் தொடங்கும். அந்த மலர்ச்சி வடக்கு நோக்கி நகர்ந்து, மே மாதத் தொடக்கத்தில் ஹொக்கைடோவை அடையும். மலர் எங்கே, எந்த நாளில் விரியும் என்பது நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் செய்தியாக வரும். மரத்தடியில் பாய் விரித்துக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் உண்டு மகிழ்வதை 'ஹனாமி' என்பர். மலர்ந்த பூ ஒரு வாரம்தான் நிலைக்கும். காற்றோ மழையோ வந்தால் அதுவும் இல்லை. நிலையாமையை எண்ணிக் கலங்காமல், இருக்கும்போதே அழகைப் போற்ற வேண்டும் என்பது அவ்விழா கற்பிக்கும் பாடம்.

ஒரு பூங்காவில் உள்ள மரங்கள் எல்லாம் எப்படி ஒரே நேரத்தில் பூக்கின்றன? ஜப்பானில் மிகுதியாகக் காணப்படும் 'சோமேய் யோஷினோ' வகை மரங்கள் விதையிலிருந்து வளர்ந்தவை அல்ல. ஒட்டுக்கட்டும் முறையில் பெருக்கப்பட்டவை. ஆகவே, அவை அனைத்தும் ஒரே மரபணுவைக் கொண்ட உடன்பிறப்புகள். ஒரே தட்பவெப்பம் நிலவும் இடத்தில் அவை ஒன்றாகவே விழிக்கின்றன.

இந்த உண்மை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. அவர்கள் வெட்டிய இரப்பர் மரங்களுள் பெரும்பாலானவையும் ஒட்டுக்கன்றுகள்தாம். இரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' போன்ற வகைகள் நாடு முழுவதும் நடப்பட்டன. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறட்சிக் காலத்தில் அம்மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் மாறி உதிரும். சில நாள்களில் மரங்கள் வெறுங்கிளைகளாக நிற்கும். பின்பு இளந்தளிர்கள் துளிர்க்கும். ஜப்பானியர் இலையுதிர் காலத்தில் மலைகளுக்குச் சென்று செந்நிற மேப்பிள் இலைகளைக் கண்டு களிக்கிறார்கள். அதற்கு ஒப்பான காட்சி நீலாய்த் தோட்டங்களிலும் ஆண்டுதோறும் அரங்கேறியது. ஆயினும், இங்கு அதைக் கண்டு களித்தவர் சிலரே. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும். ஒரே இயற்கைக் காட்சி, பார்ப்பவரின் வாழ்க்கை நிலையைப் பொறுத்து விழாவாகவும் அமையும், கவலையாகவும் அமையும்.

துடைப்பமும் ஒரு பாடநூல்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரல் மாதம் தொடங்குகிறது. பள்ளி வாயிலில் மாணவர்கள் காலணிகளைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்று வைத்திருக்கும் வேறு காலணிகளை மாட்டிக்கொள்வார்கள். மதிய உணவைப் பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் மாணவர்களே பரிமாறுவார்கள். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு குழு சமையலறையிலிருந்து உணவுப் பாத்திரங்களை எடுத்து வரும். ஆசிரியரும் மாணவரும் ஒரே உணவை ஒன்றாக உண்பார்கள். அடுத்த வாரம் வேறொரு குழுவின் முறை வரும்.

நாள்தோறும் சிறிது நேரம் துப்புரவுக்கென ஒதுக்கப்படுகிறது. வகுப்பறை, நடைபாதை, கழிவறை ஆகிய அனைத்தையும் மாணவர்களே கூட்டித் துடைக்கிறார்கள். மருத்துவரின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் அதே துடைப்பம், அதே துணி. தான் துடைத்த தரையில் குப்பை போட யாருக்கும் மனம் வராது. உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிகள் முடிந்த பிறகு, ஜப்பானிய இரசிகர்கள் அரங்கில் தங்கிக் குப்பை பொறுக்கும் காட்சியை உலகம் வியந்து பார்த்தது. அவர்களைப் பொறுத்தவரை அது வகுப்பறையில் தொடங்கிய பழக்கத்தின் நீட்சியே.

துப்புரவுத் தொழிலை இழிவாகக் கருதும் மனப்பான்மை பல சமுதாயங்களில் இன்றும் உண்டு. தமிழ்ச் சமுதாயமும் அதற்கு விதிவிலக்கன்று; ஜப்பானிலும் பழங்காலத்தில் சில தொழில் செய்தோர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் துடைப்பத்தைக் கொடுக்கும் பள்ளி, எந்த வேலையும் தாழ்ந்ததன்று என்பதைச் சொல்லாமலே சொல்லிக் கொடுக்கிறது.

வீட்டு வாழ்க்கை

ஜப்பானியர் வீட்டினுள் காலணியுடன் நுழைவதில்லை. இது தமிழர் வீட்டு வழக்கமும்கூட. மரபான வீடுகளில் கோரைப்புல்லால் நெய்த 'தத்தாமி' என்னும் தடித்த பாய்களைத் தரையில் பதித்திருப்பார்கள். இரவில் மெத்தையை விரித்துப் படுத்து, காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். இதனால், ஒரே அறை பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்படும். லயத்து வீட்டின் சிறிய கூடத்தில் பகலில் பாடம் படித்து, இரவில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அவர்கள் குளியல் தொட்டியில் இறங்குவதற்கு முன்பே உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். தொட்டியின் வெந்நீர் அழுக்குப் போக்குவதற்கன்று; களைப்புப் போக்குவதற்கு. அதனால்தான் ஒரே நீரைக் குடும்பத்தார் அனைவரும் அடுத்தடுத்துப் பயன்படுத்த முடிகிறது.

உண்ணும் முன் 'இத்தாதாகிமாஸ்' என்று கூறுவார்கள். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். உணவைத் தந்த இயற்கைக்கும், விளைத்தவருக்கும், சமைத்தவருக்கும் அச்சொல் நன்றி கூறுகிறது. தட்டில் மிச்சம் வைத்தால், 'மொத்தாய்னாய்' என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். ஒரு பொருளின் அருமை அறியாமல் வீணாக்குவது குறித்த வருத்தத்தை அந்த ஒரே சொல் உணர்த்தும். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கென்ய நாட்டுச் சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய், 2005ஆம் ஆண்டு ஜப்பான் சென்றபோது இச்சொல்லைக் கேட்டு வியந்து, அதனை உலக மேடைகளில் பரப்பினார்.

உடைந்த மண்கலத்தை அவர்கள் எளிதில் எறிந்துவிடுவதில்லை. அரக்குப் பசையால் ஒட்டி, ஒட்டிய இடத்தில் பொன் தூளைப் பூசுவதை 'கின்சுகி' என்பர். விரிசல் மறைக்கப்படாமல் பொற்கோடாக ஒளிரும். கலத்தின் வரலாற்றில் அந்த உடைசலும் ஒரு பகுதி என்பது அக்கலையின் கருத்து.

மீன்கொத்தி கற்பித்த பாடம்

1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 'ஷின்கான்சென்' என்னும் அதிவேக இரயில் ஓடத் தொடங்கியது. அதன் காலந்தவறாமை உலகப் புகழ் பெற்றது. ஆனால், வேகம் கூடக் கூடப் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. சுரங்கத்தினுள் பாய்ந்து நுழையும் இரயில், முன்னால் உள்ள காற்றை அழுத்தியது. அழுத்தப்பட்ட காற்று மறுமுனையில் வெடிபோல் வெளியேறியது. சுற்றுவட்டார மக்கள் தூக்கம் இழந்தனர்.

பொறியாளர் நக்காட்சு எய்ஜி பறவைகளை உற்று நோக்கும் பழக்கம் உடையவர். மீன்கொத்தி காற்றிலிருந்து நீருக்குள் பாயும்போது நீர் அதிகம் சிதறுவதில்லை என்பது அவர் கருத்தைக் கவர்ந்தது. அதன் நீண்ட கூர்மையான அலகைப் போன்று இரயிலின் முகப்பு அமைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய '500 தொடர்' இரயில் வேகமாகவும் ஓசை குறைவாகவும் சென்றது. மீன்கொத்திகள் நீலாய் வட்டாரத்து ஓடைகளிலும் குட்டைகளிலும் உண்டு. பறவை எல்லார் கண்ணிலும்தான் படுகிறது. கேள்வியோடு பார்ப்பவருக்கே அது பாடமாகிறது.

கோயிலைச் சுற்றி ஒரு காடு

தாவரவியல் அறிஞர் அக்கிரா மியாவாக்கி (1928-2021) ஜப்பானின் பழைய ஷிந்தோ கோயில்களைச் சுற்றியிருந்த தோப்புகளை ஆராய்ந்தார். தெய்வத்திற்குரியவை என்று கருதி மக்கள் அத்தோப்புகளை வெட்டாமல் விட்டிருந்தனர். எனவே, அந்த மண்ணுக்கே உரிய பழைய மரங்கள் அங்கு மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றின் விதைகளைச் சேகரித்துக் கன்றுகளாக்கினார். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட கன்றுகளைப் பல இனங்கள் கலந்து நெருக்கமாக நடச் செய்தார். ஒளிக்காகப் போட்டியிட்டு அவை விரைந்து வளர்ந்தன. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் களையெடுத்துப் பாதுகாத்தால் போதும். அதன்பின் காடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

மியாவாக்கியின் முறை மலேசியாவிற்கும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் சரவாக் மாநிலத்தின் பிந்துலுவில், அன்றைய மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் மழைக்காட்டு மரங்களை மீட்கும் திட்டத்தில் அவர் ஈடுபட்டார். அண்மை ஆண்டுகளில் சென்னை நகரிலும் மியாவாக்கி முறையில் சிறு காடுகள் வளர்க்கப்பட்டுள்ளன.

கோயில் தோப்பைக் காக்கும் வழக்கம் தமிழர்க்கும் உண்டு. தமிழகச் சிற்றூர்களில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த 'கோயில்காடு'களில் சுள்ளி ஒடிக்கவும் மக்கள் அஞ்சினர். மலாயாவுக்கு வந்த தொழிலாளர்களும் தோட்டத்தின் ஓரத்தில் நின்ற பெருமரத்தடியில் முனீசுவரரையோ காளியம்மனையோ வைத்து வழிபட்டனர். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே மரம் நிரை நிரையாக நின்ற இடத்தில், பழைய காட்டின் மிச்சமாக நின்றவை சில வேளைகளில் அந்தக் கோயில் மரங்களே.

ஓரினப் பயிரின் தீமையை ஜப்பானும் பட்டே அறிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டுமான மரத்திற்காக மலைகளெங்கும் 'சுகி', 'ஹினோக்கி' ஆகிய ஊசியிலை மரங்களை நட்டனர். இன்று அந்நாட்டுக் காட்டில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு மனிதன் நட்ட காடு. ஒவ்வோர் இளவேனிலிலும் அம்மரங்களின் மகரந்தம் காற்றில் பரவி, கோடிக்கணக்கானோரைத் தும்மலிலும் கண்ணெரிச்சலிலும் ஆழ்த்துகிறது.

மொழியில் ஒரு வியப்பு

ஜப்பானிய மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர்க்கு அதன் வாக்கிய அமைப்பு பழகியதாகத் தோன்றும். 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை அவர்கள், 'வத்தாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்பார்கள். எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வருகின்றன. தமிழில் 'கு' உருபு பெயருக்குப் பின்னால் வருவது போலவே, அங்கு 'நி' என்னும் இடைச்சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது. மொழியியல் அறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) இரு மொழிகளுக்கும் இடையே உறவு உண்டு என்று வாதிட்டார். தமிழரின் பொங்கலையும் சனவரி 15ஆம் நாளையொட்டி ஜப்பானில் கொண்டாடப்படும் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டுக் காட்டினார். மொழியியலாளர் பலர் அவருடைய முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒற்றுமை இருப்பதனாலேயே உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது என்பது ஆய்வுலகின் நெறி.

நொபோரு கராஷிமா (1933-2015) வேறு வழியில் தமிழுக்குத் தொண்டாற்றினார். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்து, அன்றைய நிலவுடைமையையும் ஊர் வாழ்க்கையையும் ஆராய்ந்தார். 1995ஆம் ஆண்டு தஞ்சாவூரில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் அவரே. 2013ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மறைக்கக் கூடாத விரிசல்

மலேசியத் தமிழர்க்கு ஜப்பான் என்றவுடன் நினைவுக்கு வருவது செர்ரி மலர் மட்டுமன்று. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு ஏற்ப ஒன்றரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. பள்ளிகளில் ஜப்பானிய மொழி புகுந்தது. வாழைமரப் படம் அச்சிட்ட பணத்திற்கு மதிப்பு இல்லாமற்போனது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே உணவானது.

அதனினும் கொடியது சயாம்-பர்மா இரயில் பாதை. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து 1943ஆம் ஆண்டு அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை காட்டையும் மலையையும் வெட்டிக் கட்டப்பட்டது. போர்க்கைதிகளுடன் பெருந்தொகையான ஆசியத் தொழிலாளர்களும் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். நல்ல கூலி என்ற சொல்லை நம்பிப் போனவர்களும் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளர்களுள் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. பல தோட்டக் குடும்பங்களில், 'சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை' என்ற ஒற்றை வரியே அவர்களுடைய வரலாறாக எஞ்சியது.

அப்பாதையில் ஜப்பானிய இராணுவத்தின் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் நகாசே தக்காஷி. தாம் கண்ட கொடுமைகள் போருக்குப் பின்னும் அவரை உறங்கவிடவில்லை. நூறு முறைக்கும் மேல் தாய்லாந்து சென்று, மாண்டவர்களுக்காக வழிபட்டார். காஞ்சனபுரியில் அமைதிக் கோயில் ஒன்றை எழுப்பினார். முன்னாள் போர்க்கைதிகளை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். தம் நாட்டவர் செய்த தவற்றை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதே அவருடைய பெருமை.

இவ்வளவு துயரத்திற்குப் பின்னும், 1982ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் துன் டாக்டர் மகாதீர் முகமது 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். போரில் சாம்பலான நாட்டை உழைப்பாலும் ஒழுங்காலும் மீட்டெடுத்த ஜப்பானியரிடம் கற்றுக்கொள்வதே அதன் நோக்கம். ஆயிரக்கணக்கான மலேசிய இளைஞர்கள் ஜப்பானில் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றனர். ஒரு நாட்டின் நல்லதைக் கற்பதும் அந்நாட்டுப் படை செய்த கொடுமையை நினைவில் வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. கின்சுகிக் கலமும் அதைத்தான் காட்டுகிறது. விரிசலை மறைத்துவிட்டால் அது பழுதுபார்ப்பு ஆகாது.

வெறுமையாகும் ஊர்கள்

ஜப்பான் குறையே இல்லாத நாடன்று. அளவுக்கு மீறிய உழைப்பால் ஏற்படும் சாவைக் குறிக்க, 'கரோஷி' என்னும் தனிச்சொல்லே அங்கு உண்டு. மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். இளைஞர்கள் நகரங்களை நோக்கிச் செல்வதால் மலையூர்கள் வெறுமையாகின்றன. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆளில்லாத வீடுகள் ஏறத்தாழ 90 இலட்சம். ஷிகொக்கு தீவின் நகோரோ என்னும் சிற்றூரில் பள்ளி மூடப்பட்ட பின், அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் துணியால் ஆளுயரப் பொம்மைகளைச் செய்து வகுப்பறை மேசைகளில் அமர வைத்தார். ஊரை விட்டுப் போனவர்களையும் மறைந்தவர்களையும் அப்பொம்மைகள் நினைவூட்டுகின்றன.

நீலாய் வட்டாரத் தோட்டங்களும் வெறுமையாயின. ஆனால், காரணம் வேறு. ஜப்பானிய மலையூர்களிலிருந்து மக்கள் தாமாகச் சென்றனர். இங்கோ நிலம் மேம்பாட்டுக்கு மாறியபோது, மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. லயங்கள் இடிக்கப்பட்டன, சில கோயில்கள் இடம் மாறின. 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பெயர் நாட்டின் பல பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. அப்பெயருக்குரிய தோட்டம் இருப்பதில்லை.

ஆதலால், ஜப்பானிடமிருந்து கற்க வேண்டியவற்றுள் நினைவைப் பேணும் பண்பும் ஒன்று. ஹிரொகாவா மக்கள் வைக்கோற்போரின் கதையைப் பாடமாக்கினர். அந்தக் கதையை அறிந்த தலைமுறைகள் அடுத்த பேரிடருக்கு ஆயத்தமாயின. பிரட்டு, லயம், மங்கு, தண்டல் ஆகிய சொற்களை வாழ்ந்து அறிந்தவர்கள் இன்று முதியோர். சயாமுக்குப் போனவர்களைப் பற்றித் தம் பெற்றோரிடம் கேட்டறிந்தவர்களும் அவர்களே. பாட்டி, தாத்தாவின் அருகில் அமர்ந்து கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஏட்டில் எழுதி வைக்கும் மாணவர், யாரும் எழுதாமல் விட்ட பட்டியலில் ஒரு வரியையேனும் சேர்க்கிறார். வகுப்பறையைத் தானே கூட்டித் துடைப்பதும், தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதிருப்பதும், பள்ளி வளாகத்தில் இந்த மண்ணுக்குரிய மரமொன்றை நடுவதும் எந்த நாட்டு மாணவராலும் இன்றே தொடங்கக்கூடியவை. பிற நாட்டைப் பற்றிய அறிவு, சொந்த வாழ்வைத் திருத்திக்கொள்ள உதவும்போதுதான் முழுமை பெறுகிறது.